பன்னாட்டு மேக அட்லஸ்: படத்தொகுப்போடு நின்றுவிடக் கூடாத இணையதளம்

தலைக்கு மேலே தெரியும் மேகம் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட உலக வானிலை அமைப்பு நடத்தும் பன்னாட்டு மேக அட்லஸ் இணையதளத்தை முதலில் பரிந்துரைப்பேன். படிப்பதற்குக் கட்டணம் இல்லை. உலகெங்கும் வானிலை நிலையங்களில் பணியாற்றுகிறவர்கள் எந்த வரையறைகளைக் கொண்டு மேகங்களைப் பதிவேட்டில் குறிக்கிறார்களோ, அதே வரையறைகள்தாம் இங்கே பொதுமக்களுக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளன. ஆனால் முகப்பிலேயே கண்ணைக் கவரும் படத்தொகுப்பு இருப்பதால், புதிதாக வருகிறவர் அதிலேயே நேரத்தைச் செலவிட்டுவிட்டு, எதையும் அடையாளம் காணக் கற்காமல் திரும்பிவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். இத்தளத்தின் பெருமதிப்பு படங்களில் இல்லை என்பதே என் கருத்து. ஒவ்வொரு மேக இனத்துக்கும் எழுதப்பட்டுள்ள வரையறையிலும், அதையொத்த வேறு மேகங்களிலிருந்து அதைப் பிரித்தறிவது எப்படி என்று விளக்கும் பகுதியிலும்தான் அது இருக்கிறது.

இதன் பின்னால் இருக்கும் மரபு நீண்டது. லண்டனில் மருந்து தயாரிப்பாளராக இருந்த லூக் ஹோவர்டு 1802ஆம் ஆண்டு நிகழ்த்திய உரையில்தான் சிர்ரஸ் (கீற்று), குமுலஸ் (திரள்), ஸ்ட்ரேட்டஸ் (படை), நிம்பஸ் (கார், அதாவது மழை மேகம்) என்ற இலத்தீன் பெயர்கள் முதலில் ஒலித்தன. அதே ஆண்டில் பிரான்சில் இயற்கையியலாளர் லாமார்க் முன்வைத்த மற்றொரு வகைப்பாடு நிலைக்கவில்லை. ஹோவர்டின் பெயர்களை அடிப்படையாகக் கொண்டு 1896இல் முதல் மேக அட்லஸ் அச்சாயிற்று. பிறகு 1932, 1956, 1975, 1987 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தியும் விரித்தும் வெளியிடப்பட்டது. உலக வானிலை நாளான மார்ச் 23 அன்று, 2017இல், இப்போது நாம் காணும் இணையப் பதிப்பு வெளிவந்தது. தளத்தை உருவாக்கும் பணியை ஹாங்காங் வானிலை ஆய்வகம் செய்து கொடுத்தது.

வகைப்பாட்டின் அடிப்படை எளிமையானது. பத்து இனங்கள் உள்ளன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவற்றுக்கு வழங்கும் பெயர்களையொட்டிச் சொன்னால், உயர்மட்டத்தில் கீற்று மேகம், கீற்றுத்திரள் மேகம், கீற்றுப்படை மேகம் ஆகிய மூன்றும், இடைமட்டத்தில் இடைத்திரள் மேகம், இடைப்படை மேகம், கார்படை மேகம் ஆகிய மூன்றும், தாழ்மட்டத்தில் படைத்திரள் மேகம், படை மேகம், திரள் மேகம், கார்திரள் மேகம் ஆகிய நான்கும் வருகின்றன. கடைசி இரண்டும் அடித்தளத்தைத் தாழ்வாக வைத்துக்கொண்டு மேலே எவ்வளவு உயரமும் வளரக்கூடியவை. கார்படை மேகமும் தன் மட்டத்துக்குள் அடங்கி நிற்பதில்லை; மேலும் கீழும் பரவி, கதிரவன் இருக்கும் இடமே தெரியாதபடி வானத்தை மூடி, விடாமல் மழை தருவது அதன் இயல்பு. இந்தப் பத்துக்கும் கீழே 15 சிற்றினங்களும் 9 வகைகளும் உண்டு. புதியவர்கள் அவற்றை உடனே தொட வேண்டியதில்லை. பத்தும் மனத்தில் பதிந்த பிறகு மற்றவை தாமாகவே தேவைப்படும்.

நம் பகுதி வாசகர்கள் தவறவிடக் கூடாத பக்கம் ஒன்று உண்டு. மேக மட்டங்களின் உயரம் உலகெங்கும் ஒன்றல்ல என்பதை அட்லஸ் ஒரு சிறு அட்டவணையில் தருகிறது. துருவப் பகுதிகளில் உயர்மட்ட மேகங்கள் 3 முதல் 8 கிலோமீட்டரிலும், மிதவெப்ப மண்டலத்தில் 5 முதல் 13 கிலோமீட்டரிலும், நாம் வாழும் வெப்பமண்டலத்தில் 6 முதல் 18 கிலோமீட்டரிலும் காணப்படும். இடைமட்டத்தின் மேல் எல்லையும் இவ்வாறே துருவத்தில் 4, மிதவெப்ப மண்டலத்தில் 7, வெப்பமண்டலத்தில் 8 கிலோமீட்டர் என உயர்கிறது. தாழ்மட்டம் மட்டும் எங்கும் தரையிலிருந்து 2 கிலோமீட்டர் வரைதான். ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ மனத்தில் வைத்து எழுதப்பட்ட எளிய கையேடுகள் பலவும் மிதவெப்ப மண்டலத்துக்குரிய எண்களை மட்டும் கொடுத்துவிடுகின்றன. மாணவர்கள் அவற்றை நம் வானத்துக்கும் பொருத்திப் படித்துவிடுகிறார்கள். மூன்று மண்டலங்களையும் அருகருகே வைத்துக் காட்டுவதாலேயே இத்தளத்தைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நம்பிப் பயன்படுத்தலாம்.

இனி, நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். சிறு சிறு உருண்டைகளாகவோ திட்டுகளாகவோ வரிசைகட்டி நிற்கும் மேகக் கூட்டம் கீற்றுத்திரளா, இடைத்திரளா, படைத்திரளா என்ற ஐயம் மேகம் பார்க்கத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். மூன்றும் புகைப்படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். உயரத்தைக் கண்ணால் அளக்க முடியாது. அட்லஸ் இதற்குக் கருவி எதுவும் கேட்பதில்லை. கையை நீட்டச் சொல்கிறது. அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேலே உள்ள மேகத் திட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, நீட்டிய கையின் சுண்டுவிரலை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ 1 பாகை. பெரும்பாலான திட்டுகள் அந்த அகலத்துக்குள் மறைந்துவிட்டால் அது கீற்றுத்திரள். மூன்று விரல்களின் அகலம் ஏறத்தாழ 5 பாகை. சுண்டுவிரலைவிடப் பெரிதாகவும் மூன்று விரல்களுக்குள் அடங்குவதாகவும் இருந்தால் இடைத்திரள். அதையும் மீறினால் படைத்திரள். 30 பாகை என்ற நிபந்தனைக்கும் காரணம் உண்டு. அடிவானத்தை நெருங்க நெருங்க மேகம் நம்மிடமிருந்து தொலைவில் இருப்பதால் எந்தத் திட்டும் சிறிதாகத் தெரிந்து நம்மை ஏமாற்றிவிடும். கீற்றுத்திரளில் நிழல் படிந்த பகுதி இராது என்ற கூடுதல் அடையாளத்தையும் சேர்த்துக்கொண்டால் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வானம் முழுவதும் மெல்லிய திரையாகப் பரவும் மேகங்களுக்கும் இதேபோன்ற சோதனைகள் உண்டு. கீற்றுப்படை மேகம் பனிப்படிகங்களால் ஆனது. ஆகவே கதிரவனையோ நிலவையோ சுற்றி 22 பாகை ஆரமுள்ள ஒளிவளையம் அதில் தோன்றக்கூடும். நீட்டிய கையில் விரல்களை அகல விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரையுள்ள தூரம் ஏறத்தாழ அந்த அளவு. அம்மேகம் எவ்வளவு பரவினாலும், கதிரவன் உயரத்தில் இருக்கும்போது தரையில் நம் நிழல் விழுந்துகொண்டுதான் இருக்கும். இடைப்படை மேகமோ வளையத்தைக் காட்டாது. தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கதிரவன் தெரியும், நிழல் விழாது. எனவே வெளியே நின்று முதலில் தரையைப் பார்த்து நிழல் இருக்கிறதா என்று கவனித்துவிட்டு, பிறகு வானத்தைப் பார்த்தால் போதும். இவ்வளவு எளிய சோதனை பல பாடநூல்களில் இல்லாமல் போனது எனக்கு வருத்தம் தருகிறது.

இங்கே நம் ஊர்ப் பழமொழி ஒன்று நினைவுக்கு வருகிறது. நிலவைச் சுற்றித் தெரியும் வட்டத்தைப் பார்த்து, ‘எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை’ என்பார்கள். அகன்ற வட்டமும் நெருங்கிய வட்டமும் ஒன்றல்ல என்பதைப் பழமொழியைச் சொன்னவர்கள் கூர்ந்து கண்டிருக்கிறார்கள். அட்லஸில் ஒளித்தோற்றங்களுக்கென்று உள்ள பகுதி இவ்விரண்டையும் தனித்தனியே விளக்குகிறது. அகன்ற வளையம் பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் உண்டாவது. நிலவை ஒட்டி, சில பாகை அகலத்தில், வண்ண விளிம்புகளோடு தெரியும் சிறு வட்டம் பெரும்பாலும் மிகச் சிறிய நீர்த்துளிகளில் ஒளி விளிம்பு வளைவதால் உண்டாவது. ஆகவே வட்டத்தின் அளவைக் கொண்டே, மேலே பரவியிருப்பது உயரத்தில் உள்ள பனிப்படிக மேகமா, தாழ்ந்த நீர்த்துளி மேகமா என்று சொல்லிவிடலாம். மழை வருமா என்பதை அட்லஸ் முன்கூட்டிச் சொல்வதில்லை. அது கண்ணுக்குத் தெரிவதை வரையறுக்கும் தளமே தவிர, முன்னறிவிப்புத் தளம் அன்று.

திரள் மேகம் கார்திரள் மேகமாக மாறும் கட்டத்தை விளக்கும் பக்கங்களைத் தமிழ்நாட்டு வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சென்னையின் மாலை வேளைகளில் மேற்கே உள்மாவட்டங்களின்மேல் எழும்பி, நகரை நோக்கி நகரும் இடிமேகங்களில் இந்த மாற்றம் முழுவதையும் கண்ணால் காணலாம். உயரத்தைவிட அகலம் மிகுந்த சிறு திரள், உயரமும் அகலமும் ஒத்த நடுத்தரத் திரள், கோபுரமாக எழும்பிய பெருந்திரள் என்று திரள் மேகம் வளர்கிறது. பெருந்திரளின் உச்சி கூர்மையான விளிம்புகளோடு இருக்கும் வரை அது திரள் மேகமே. உச்சியின் விளிம்பு மழுங்கி, பொங்கும் புடைப்புகள் மறைந்து வழவழப்பானால் அது கார்திரள் ஆகிவிட்டது. பின்னர் அந்த உச்சி நார் நாராகப் பிரிந்து, கொல்லுப்பட்டறையின் பட்டடைக்கல் வடிவில் இருபுறமும் பரவும். மேகத்தை முழுமையாகப் பார்க்க முடியாத இடத்தில் நாம் நின்றால், இடியோ மின்னலோ ஆலங்கட்டியோ இருக்குமானால் அதைக் கார்திரள் என்றே பதிவு செய்யலாம் என்பது அட்லஸின் விதி. வெப்பமண்டலத்தில் பெருந்திரள் மேகமே இடி மின்னல் இல்லாமல் நல்ல மழை பொழிந்துவிடும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலிலிருந்து வந்து, ஒரு தெருவை நனைத்துவிட்டு நகர்ந்துவிடும் மழையைக் கண்டவர்களுக்கு இக்குறிப்பு நன்றாகவே விளங்கும்.

இந்த வேறுபாடு பொழுதுபோக்குக்கானது அன்று. விமான நிலையங்கள் வெளியிடும் வழக்கமான வானிலை அறிக்கையில் மேகத்தின் பரப்பும் அடித்தள உயரமும் குறிக்கப்படுகின்றன. மேகத்தின் வகையோ கார்திரளுக்கும் கோபுரமாக எழும்பிய பெருந்திரளுக்கும் மட்டுமே குறிக்கப்படுகிறது. விமானத்துக்கு ஊறு விளைவிக்கும் மேல்நோக்கிய காற்றும் கீழ்நோக்கிய காற்றும் அவற்றில்தான் கடுமையாக இருக்கும்.

படத்தொகுப்பைக் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று தோன்றலாம். அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் கவலை. ஒவ்வொரு படத்துடனும் இடம், நாள், நேரம், கேமரா எந்தத் திசையை நோக்கியது என்ற விவரங்கள் தரப்படுகின்றன. பல படங்களுக்கு அன்றைய வானிலை வரைபடம், பலூன் மூலம் அளந்த வெப்பநிலை, ஈரப்பத வரைபடம், செயற்கைக்கோள் படம் ஆகியவையும் இணைக்கப்பட்டிருக்கின்றன. படத்தில் எது எந்த மேகம் என்ற விளக்கமும் உண்டு. இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதியும் இருக்கிறது. படத்தைப் பார்த்தவுடன் விளக்கத்தைப் படிக்காமல், முதலில் நாமே ஒரு விடை எழுதிக்கொண்டு பிறகு சரிபார்த்தால் இத்தொகுப்பு மிகச் சிறந்த பயிற்சி நூலாகிவிடும். குறை என்று சொன்னால், ஒரு படத்துக்கு ஒரு முதன்மையான மேகம் என்ற நோக்கில் தேர்ந்தெடுக்கப்பட்ட தெளிவான படங்களே மிகுதி. பருவமழைக் காலத்தில் நம் வானத்தில் மூன்று மட்டங்களிலும் நான்கைந்து வகை மேகங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கும். அத்தகைய கலவையான வானத்தைப் படித்தறிய, இத்தளத்தில் பெற்ற பயிற்சியோடு நம் மொட்டைமாடியில் செலவிடும் நேரமும் வேண்டும்.

2017ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தவற்றில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொந்தளிக்கும் கடலைத் தலைகீழாகக் காண்பதுபோன்ற அஸ்பெரிட்டாஸ் என்ற மேகத் தோற்றம் இப்பதிப்பில் ஏற்கப்பட்டது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவை பொதுமக்கள் எடுத்த படங்கள். பிரிட்டனில் 2005இல் தொடங்கப்பட்ட மேக ஆர்வலர் சங்கம் அவற்றைத் திரட்டி முன்வைத்தது. ஆர்வலர்களின் கவனிப்புக்கு அறிவியல் மன்றம் செவிசாய்த்த இச்செய்தியை மாணவர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மற்றொன்று, மேகம் எதிலிருந்து பிறந்தது என்பதைக் குறிக்கும் தனிப்பிரிவு. அருவியின் நீர்த்தெறிப்பிலிருந்து எழுவது, காட்டுத்தீயிலிருந்து எழுவது, மழைக்குப் பின் காட்டின் ஈரத்திலிருந்து எழுவது, மனிதர் செயலால் உண்டாவது என்று அவை பிரிக்கப்பட்டுள்ளன. விமானம் விட்டுச் செல்லும் வெண்கோடு குறைந்தது 10 நிமிடங்கள் கலையாமல் நின்றால் அது மனிதரால் உண்டான கீற்று மேகம் என்ற தகுதியைப் பெறுகிறது. நெய்வேலி போன்ற இடங்களில் அனல்மின் நிலையக் குளிர்விப்புக் கோபுரங்களின் நீராவி மேலெழுந்து திரள் மேகமானால் அதுவும் இப்பிரிவில் சேரும். வால்பாறையிலோ நீலகிரியிலோ மழை விட்டதும் சோலைக்காடுகளின் உச்சியிலிருந்து எழும் வெண்மூட்டத்துக்கும் இப்போது அட்லஸில் இடம் இருக்கிறது.

மேகங்களைத் தாண்டி, மழை, தூறல், ஆலங்கட்டி, மூடுபனி, பனித்துளி, தூசி, இடி, மின்னல் ஆகியவற்றையும் இத்தளம் வரையறுக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. துளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டருக்குக் குறைவாக, நெருக்கமாக விழுந்தால் தூறல். அதற்கு மேல் மழை. 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள பனிக்கட்டி ஆலங்கட்டி. கண்ணுக்குத் தெரியும் தூரம் 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால் மூடுபனி. குறையாவிட்டால் அது மெல்லிய பனிமூட்டம் மட்டுமே. இரண்டிலும் இருப்பவை நீர்த்துளிகள். வறண்ட தூசியாலும் புகையாலும் உண்டாகும் மூட்டம் வேறு பிரிவைச் சேர்ந்தது. போகி அன்று அதிகாலையில் சென்னையை மூடுவது பனியா புகையா என்று ஆண்டுதோறும் எழும் கேள்விக்கு, இரண்டும் கலந்தது என்ற விடையை இப்பிரிவைப் படித்தவர்கள் காரணத்தோடு சொல்லலாம். படை மேகம் தரையைத் தொட்டால் அதுவே மூடுபனி. கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் நிற்பவருக்கு மேகமாகத் தெரிவது, மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு மூடுபனியாக இருப்பது இதனால்தான்.

வானிலை அறிக்கையில் நாள்தோறும் கேட்கும் பல சொற்களுக்கு இத்தளத்தில் விடை கிடைக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மழையின் அளவைக் குறிக்கும் சொற்கள் நாட்டுக்கு நாடு மாறுவதால் அவற்றை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைகளில்தான் தேட வேண்டும். அதன்படி, காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. கடைசிப் பிரிவுக்கு மேல் எல்லை இல்லை. 2023 டிசம்பர் 18 அன்று காலை முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பதிவான 95 சென்டிமீட்டரும் அதி கனமழைதான், 21 சென்டிமீட்டரும் அதி கனமழைதான். ‘ஓரிரு இடங்களில்’ என்பது ஒரு பகுதியில் உள்ள வானிலை நிலையங்களில் 25 விழுக்காடு வரை மழை பதிவாகும் என்று பொருள்படும். ‘ஓரளவு மேகமூட்டம்’ என்பதற்கும் கணக்கு உண்டு. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, மூன்று அல்லது நான்கு பங்கை மேகம் மூடியிருந்தால் அப்படிச் சொல்வார்கள். எட்டில் பங்கு பார்க்கும் இம்முறையை மேக அட்லஸும் விளக்குகிறது. இரண்டு தளங்களும் கைகோக்கும் இடம் அது.

மொழி ஒரு பெரிய தடை. இத்தளம் தமிழில் இல்லை. பத்து இனங்களின் பக்கங்கள் மட்டுமாவது தமிழில் கிடைத்தால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும், பருவத்தைப் பார்த்து விதைக்கும் உழவர்களுக்கும், கடலுக்குச் செல்லும் மீனவர்களுக்கும் பெரும் பயன் விளையும். கலைச்சொற்கள் பெரும்பாலும் பாடநூல்களிலேயே ஆயத்தமாக இருக்கின்றன. ஆங்கில உரையின் நடையும் எளிமையானதன்று. ஒரு வரையறைக்குள் மூன்று இலத்தீன் சொற்கள் வரும்போது, அவற்றை விளக்கும் பக்கத்தைத் திறந்து திறந்து படிக்க வேண்டியிருக்கிறது. தலைப்புகள் பல அடுக்குகளாக உள்ளே செல்வதால், ஒருமுறை படித்த பக்கத்தை மறுபடி தேடிப்பிடிப்பதும் எளிதாக இல்லை. பயன்படும் பக்கங்களைப் புத்தகக்குறியிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் மூன்று மண்டலங்களின் உயர அட்டவணை. அடுத்து பத்து இனங்களின் சுருக்கமான வரையறைகள். பிறகு திரள், கார்திரள், இடைத்திரள், படைத்திரள் ஆகிய நான்கின் முழுப் பக்கங்கள். நம் வானத்தில் ஆண்டின் பெரும்பகுதி தெரிபவை இவையே. கீற்று வகைகளைக் கோடையின் தெளிந்த காலைகளுக்கு ஒத்திவைக்கலாம். சிற்றினங்களையும் வகைகளையும் அதற்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர்கள் இதை வகுப்பில் பயன்படுத்துவதானால், படங்களுக்கு எடுத்தவர்களின் உரிமை உண்டு என்பதால், அச்சிட்டு வழங்குமுன் தளத்தில் உள்ள பயன்பாட்டு விதிகளைப் படித்துக்கொள்ள வேண்டும். திரையில் காட்டிவிட்டு மாணவர்களை உடனே மைதானத்துக்கு அழைத்துச் சென்று சுண்டுவிரல் சோதனையைச் செய்யச் சொன்னால், ஒரு பாடவேளைக்குள்ளேயே மூன்று மேகங்களைப் பிரித்தறிய அவர்கள் கற்றுவிடுவார்கள்.